தோற்ற தொடரில் முரளி

சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளில் கிரிக்கெட் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டும். "முரளி எண்ணூறு விக்கெட் எடுத்தது சரி, அவுஸ்திரேலியாவிடம் என்ன செய்தார்?" என்பதே அது. 1999இல் கண்டி அஸ்கிரியவில் அவுஸ்திரேலியாவை இலங்கை முதன்முறையாக டெஸ்ட் போட்டியில் வென்றதையும், அத்தொடரையே 1-0 எனக் கைப்பற்றியதையும் இந்த வாதம் செய்வோர் மறந்துவிடுகின்றனர். அவர்களுடைய நினைவில் தங்கியிருப்பது 2004 மார்ச். சொந்த மண்ணில் மூன்று போட்டிகள், மூன்றிலும் தோல்வி. அத்தொடரில் முரளிதரன் பெரிய ஆட்டக்காரர்களிடம் அடங்கிப்போனார் என்று அன்று பேசப்பட்டது, இன்றும் பேசப்படுகிறது. இது நியாயமற்ற பேச்சு என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். காலியில் அவுஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸ் 220 ஓட்டங்களுடன் முடிந்தது. முரளி 59 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இலங்கை 381 ஓட்டங்கள் எடுத்து 161 ஓட்டங்களால் முன்னிலை பெற்றது. இரண்டாம் இன்னிங்சில் ஹெய்டன், மார்ட்டின், லீமன் ஆகிய மூவரும் சதமடிக்க, அவுஸ்திரேலியா 8 விக்கெட் இழப்புக்கு 512 ஓட்டங்களுடன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. விழுந்த எட்டு விக்கெட்டுகளில் ஐந்து முரளியுடையவை. அடுத்து ஆடிய இலங்கை 154 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பதினொரு விக்கெட் எடுத்தவர் தோற்ற அணியில் நின்றார்.

கண்டியில் நடந்தது இதைவிடக் கொடுமை. அவுஸ்திரேலியா முதல் இன்னிங்சில் 120 ஓட்டங்கள் மட்டுமே எடுத்தது. முரளிக்கு 4, நுவன் சொய்சாவுக்கு 4. இலங்கை 211 ஓட்டங்களுடன் 91 ஓட்டங்களால் முன்னிலை பெற்றது. பின்னர் மார்ட்டினின் 161 ஓட்டங்களும் கில்கிறிஸ்டின் 144 ஓட்டங்களும் ஆட்டத்தைப் புரட்டிப்போட்டன. அவுஸ்திரேலியாவின் 442 ஓட்டங்களுக்கிடையிலும் முரளி 5 விக்கெட் எடுத்தார். அதற்கு 173 ஓட்டங்களைக் கொடுத்தார் என்பதும் உண்மை. காலியைப் போலவே இங்கும் வெற்றி இலக்கு 352. ஜயசூரிய 131 ஓட்டங்கள் அடித்தும் 27 ஓட்டங்களால் கைநழுவிப்போனது. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் முன்னிலை வெறும் 6 ஓட்டங்கள். 370 தேவைப்பட்ட இடத்தில் 248 தான் கிடைத்தது. முரளி அங்கே எடுத்தவை எட்டு.

ஆக மொத்தம் 28 விக்கெட். மூன்று போட்டிகளில் 200 ஓவர்களுக்கு மேல் வீசியிருக்கிறார். எதிரணியின் ஷேன் வோன் 26 விக்கெட் எடுத்தார். வோனின் சராசரி 20ஐ ஒட்டியது, முரளியுடையது 23ஐத் தாண்டியது. ஆகவே வோன் சிக்கனமாக வீசினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலங்கை மூன்று போட்டிகளிலும் முதல் இன்னிங்சில் முன்னிலை பெற்ற அணி. முன்னிலையைக் காக்க வேண்டிய பொறுப்பு பதினொருவருக்கும் உரியது. அதை ஒருவர் தலையில் கட்டுவதை எந்தக் கணக்கு அனுமதிக்கும்?

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மலைகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடிவதற்கு முன் எழுந்து பால் வெட்டியவருடைய சிரட்டைகள் நிறைந்திருக்கும் வேளையில் மழை கொட்டிவிட்டால், வெட்டியவரைக் குறை சொல்லமாட்டார்கள்.

முரளியின் ஆட்டத்தை இத்தோட்டங்கள் கவனித்ததற்குக் கிரிக்கெட்டுக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். மகன்கள் இங்கே தங்கினர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, இப்படிப் பிரிந்த குடும்பங்கள் பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் எத்தனையோ! 1977 வன்செயலில் முரளி குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தீக்கிரையானது. தந்தை வெட்டுக்காயம் அடைந்தார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் லயன்கள் எரிந்ததை இறக்குவானை மக்கள் இன்னும் சொல்கின்றனர். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஒக்டோபரில்தான் நிறைவேறியது. ஐந்து மாதம் கழித்து இந்தத் தொடர். நாலா பக்கமும் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த சப்ரகமுவ லயன்களில், இரு சாராரும் சேர்ந்து கைதட்டக்கூடிய பெயர்கள் அதிகம் இருக்கவில்லை.

முரளியின் பிற்கால அரசியல் பேச்சுகள் எனக்கும் உவப்பானவையல்ல. அவற்றால் எழுந்த எதிர்ப்பில், 2020 ஒக்டோபரில் அவரைப் பற்றிய '800' திரைப்படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். அந்த வழக்கை அதன் இடத்தில் பேசலாம். அதற்காக 2004இன் பந்துகளைத் தராசில் குறைத்து நிறுப்பது ஏன்?

தொடர் முடிந்த கையோடு ஆட்ட நடுவர் கிறிஸ் புரோட், முரளியின் 'தூஸ்ரா' பந்தைப் பற்றி முறைப்பாடு செய்தார். தோல்வியின் களைப்போடு அவர் பேர்த் நகரத்து ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்று சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது 5 பாகை வளைவு. 2005 மார்ச்சிலிருந்து எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை என விதி மாறியது. அதற்குள், கொழும்புப் போட்டி முடிந்து ஆறே வாரங்களில், மே மாதம் 8ஆம் திகதி ஹராரேயில் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கெட் சாதனையை முரளி தாண்டிவிட்டார். அந்த மாதமே அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவர்ட் அவரைப் பந்தை எறிபவர் என்றார். ஜூலையில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது முரளி போகவில்லை.