கோப்பி, தேயிலை, ஒரு தவளை

1853 இல் நுவரெலியாவில் கிடைத்த ஒரு மரத்தவளையைப் பற்றிக் கெலார்ட் எழுதி வைத்தார். இலங்கையிலேயே பிறந்த இராணுவ வைத்தியர் அவர். உடம்பில் விண்மீன் தெளித்த மாதிரி வெளிர் புள்ளிகள் இருந்ததால் இலத்தீன் பெயரிலும் நட்சத்திரத்தை வைத்துவிட்டார். அவர் பார்த்தது ஒரேயொரு தவளை. அந்த உடலும் பிறகு தொலைந்துபோனது. அதற்குப் பிறகு 150 வருசத்துக்கு மேல் ஒருவரும் அதைக் காணவில்லை. அழிந்த இனம் எண்டு பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

ஏன் காணவில்லை எண்டதற்குப் பாதிப் பதில் எங்கட வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கு. 1840 இல் வந்த சட்டத்தால், உரித்துக் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியதாகின. அதை வாங்கியவர்கள் கோப்பி நட்டார்கள். 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி விழ, தேயிலை வந்தது. நுவரெலியா கோப்பிக்குக் குளிர் கூடின உயரம். கோப்பி விட்டுவைத்த அந்த உயரத்துக்கும் தேயிலை ஏறியது. சோதினைக்கு இதையெல்லாம் பாடமாக்கினோம்தானே? காட்டுக்குள் என்ன இருந்தது எண்டு ஒரு கேள்வியும் வந்ததில்லை.

இந்தத் தவளை இனத்துக்குக் குளம் தேவையில்லை. வாற்பேய்ப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும். அதற்கு முட்டை காயக்கூடாது. மரம் போனால் நிழல் போகும், ஈரமும் போகும். நாங்கள் படம் எடுத்துப் போடுகிற மலையகப் பச்சை அதற்கு வெயில் காய்கிற வெளிதான்.

'தோட்டச் சனம் வந்துதான் காடு அழிஞ்சது' எண்டு சொல்பவர்களோடு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. காடு வெட்டக் கூலிக்குச் சிங்களக் கிராமத்தவரும் போனார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களும் போனார்கள். காணி அந்த இரண்டு பேருடையதும் இல்லை.

2009 இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாதமலைக் காட்டில் அந்தத் தவளையைத் திரும்பக் கண்டது. 2013 இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய உடல் இல்லை. கெலார்ட் எழுதின அந்தக் கொஞ்ச வரிகள்தான் இருந்தன. தப்பின காடு, தேயிலை போகாத செங்குத்தும் முகிலும். யாத்திரைக் காலத்தில் இரவிரவாக மலை ஏறுகிறோமே, அதே நேரத்தில்தான் அதுவும் விழித்திருக்கும், படிக்கட்டு வெளிச்சத்துக்கு அப்பால்.