ஒலுவில் மணல் போன பாதை

இலங்கையின் அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுக வாயிலை அடைக்கிற மணல் அந்த இடத்து மணல் அல்ல. அதன் ஊர் மேற்கே, மலைப்பக்கம். பட்டிப்பளை ஆறும் அதைப் போன்ற சிற்றாறுகளும் பாறையை அரித்து அரித்துக் காலங்காலமாகக் கடலில் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. இங்கினியாகலையில் கல்லோயா அணை எழுந்த பிறகு ஆறு கொண்டுவருவது குறைந்துபோயிற்று. அதனால் கடலோரம் ஏற்கனவே இருந்த மணலின் மதிப்பு இன்னும் கூடியது.

கடலுக்குள் இறங்கிய மணல் சும்மா கிடப்பதில்லை. கச்சான் காலத்து அலை அதை வடக்கே தள்ளும், வாடைக்காலத்து அலை தெற்கே இழுக்கும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். பாலமுனையில் இன்று மிதிபடும் மணல் ஒலுவிலுக்கு வரும், பிறகு நிந்தவூருக்கு, காரைதீவுக்கு, சாய்ந்தமருதுக்கு, கல்முனைக்கு என்று போய்க்கொண்டேயிருக்கும். ஓர் ஊரின் கரை பக்கத்து ஊரிடம் கைமாற்று வாங்கித்தான் நிற்கிறது. வாங்கியதை அடுத்த ஊருக்குக் கொடுத்தும் விடுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் குறுக்கேதான் 2008 ஜூலையில் துறைமுகத்துக்குக் கல் போடத் தொடங்கினார்கள்.

துறைமுகம் எங்கள் மண்ணின் ஆசை. கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப் 1994இல் கப்பல், துறைமுகங்கள் அமைச்சரானபோது பிறந்த ஆசை அது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலுக்கு வந்தது, துறைமுகமும் வரும் என்று நம்பினோம். 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போய்விட்டார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. இலங்கையில் அதிகம் பேரைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அந்தக் காயம் ஆறாத கரைக்குத் துறைமுகம் வருகிறது என்றபோது யார்தான் வேண்டாமென்று சொல்லியிருப்பார்கள்?

பணம் டென்மார்க்கிலிருந்து வந்தது. சுமார் 46 மில்லியன் யூரோ, வட்டியில்லாக் கடன். வேலையைச் செய்ததும் ஒரு டென்மார்க் நிறுவனம்தான். வட்டியில்லை என்ற சொல் எங்கள் காதுக்கு இதமான சொல். ஆனால் முதலைக் கட்டியே ஆகவேண்டும். அதைக் கட்டுவது ஒலுவில் கடையில் சீனி வாங்கும் உம்மாவும், நிந்தவூரில் மண்ணெண்ணெய் வாங்கும் மீனவரும்தான்.

2013 செப்டம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ துறைமுகத்தைத் திறந்துவைத்தார். மணலுக்கோ துறைமுகத்தின் அலைத்தடுப்பே வழிமறித்த சுவர். தெற்கேயிருந்து வந்த மணல் சுவரடியில் குவிந்தது, குவிந்தது வழிந்து வாயிலை மூடியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் தனக்குரியதை ஒலுவில் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. அங்கே போய் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்: தென்னையின் வேர்க்கொத்து முழுவதும் வெளியே தொங்கும், அலை வந்து அதைச் சீவிவிட்டுப் போகும். சில நாளில் மரம் தலைகுப்புறக் கடலில் கிடக்கும். அது நின்ற இடம் ஒருவருடைய காணி. உறுதி வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, காணிதான் இல்லை.

வணிகத் துறைமுகமாக அது இயங்கவில்லை. மீனவர்களுக்காவது உதவட்டும் என்றால், வாயில் அடைபடும்போது ஆழ்கடல் படகுகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். மணலைத் தோண்டு என்று மீனவர்கள் கேட்டார்கள். எங்கள் கரைக்குக் கல்லைப் போடு, பிறகு தோண்டு என்று காணி இழந்தவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம். ஒரே ஊர்ச் சனங்களை எதிரெதிரே நிற்கவைத்த பாவத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

மணல் இப்படிச் செய்யும் என்பது புதிய செய்தியும் அல்ல. சென்னைத் துறைமுகத்துக்கு 1870களில் சுவர் எழுப்பத் தொடங்கியதும் இதே வங்காள விரிகுடாவில் இதுவே நடந்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. இதற்கு வழியும் கண்டிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் டுவீட் ஆற்று முகத்தில் 2001 முதல் ஒரு பக்க மணலைக் குழாய் வழியே மறுபக்கத்துக்கு இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகம் கட்டும் செலவோடு மணலை ஆண்டுதோறும் கடத்திவிடும் செலவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் திட்டம்.

இனி மணலைப் போலவே கணக்குக் காகிதத்தின் பாதையையும் பாருங்கள். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, அரச நிதியின் முழுக்கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது. இலங்கைத் துறைமுக அதிகார சபை உருவான 1979இல்தான், அதைப் போன்ற அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் உருவானது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி சபையின் கணக்கைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார், அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகிறது, கோப் குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறது. கேட்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. கவனயீனத்தாலோ ஊழலாலோ வந்த நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிட வழிசெய்யும் தேசிய கணக்காய்வுச் சட்டம் 2018இல்தான் வந்தது. அப்போது துறைமுகம் திறந்து ஐந்து ஆண்டு. ஆக, காகிதம் எப்போதும் கல்லுக்குப் பின்னால்தான் வருகிறது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுமுன் மணலைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு நாள் விவாதத்தோடு முடிந்திருக்கும். அந்த இடத்தில் பாராளுமன்றம் இல்லாததுதான் குற்றம் என்று நான் நினைக்கிறேன். பணத்தை ஒருவர் சுருட்டினால் பிடிக்க இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. யாரும் சுருட்டாமலே கடலில் போன பணத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

அம்பாறைக் கரையில் தேர்தல் கேட்பவர்கள் பலரும் ஒலுவிலைப் பற்றிப் பேசுகிறார்கள். மேடைப் பேச்சு போதும். அதே கேள்வியை நீங்களே எழுத்தில் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மணல் அகழ எத்தனை ரூபாய் போனது? அகழ்ந்த மணலை எங்கே கொட்டினார்கள்? கட்டுமுன் நடந்த ஆய்வு மணலைப் பற்றி என்ன சொன்னது? கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், துறைமுக அதிகார சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவும் உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.