சரிகையும் பேஸ் கிட்டார் தந்தியும்

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டைப் பற்றி எழுதாமல் பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். பட்டும் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

எண்பதுகளில் எங்கள் ஊரில் மெல்லிசைக் குழுக்களுக்கு நல்ல மவுசு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்த்தால் ராத்திரி பாட்டுக் கச்சேரி நிச்சயம். அப்படி ஒரு குழுவில் நானும் இருந்தேன். வாசிக்க அல்ல, மின்வாரியத்து வேலை போக மிச்ச நேரத்தில் ஆம்ப்ளிஃபயர், ஒயர், மைக் எல்லாம் என் பொறுப்பு. பேஸ் வாசித்தவன் என் சிநேகிதன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பகலெல்லாம் குழித்தறியில் கால் மிதித்துவிட்டு ராத்திரி மேடைக்கு வருவான். பாடகருக்கு மாலை போடுவார்கள், கீபோர்டுக்குக் கை தட்டுவார்கள். பேஸ்காரன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவன் நிறுத்தினால்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

அந்த வாத்தியத்துக்கு அப்போதே பெரிய வயதில்லை. அதற்கு முன் கீழ்ஸ்தாயிக்கு ஆளுயர டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு அலைய முடியாது, மற்ற வாத்தியச் சத்தத்தில் காதிலும் விழாது. அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-இல் அதைக் கிட்டார் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கட்டையில் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்த பிக்கப். வீணையில் மெட்டு என்போமே, அதுபோல ஃப்ரெட். விரலை வைத்தால் சுருதி தப்பாது என்பதால் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். தந்தி நீளம் 34 அங்குலம். 1956-இல் ஜெர்மனியின் ஹாஃப்னர் கம்பெனி வயலின் உருவத்தில் சின்னதாக ஒன்று கொண்டுவந்தது. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில் பார்த்திருப்பீர்கள்.

நம் பக்கத்தில் பேஸுக்கு வாழ்வு வந்தது இளையராஜாவால்தான் என்பது என் கட்சி. அவரே கிட்டார் வாசித்தவர். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பேஸுக்கென்று தனியாக ஒரு மெட்டு, பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டுப் போல ஓட ஆரம்பித்தது. அவருக்கு வாசித்தவர் சசிதரன். பிற்பாடு ரஹ்மானுக்குக் கீத் பீட்டர்ஸ். 1982-இல் வந்த 'இளைய நிலா' பாட்டில் மேலே ஓடும் கிட்டாரைச் சொல்லாத ஆள் இல்லை. கீழே நடக்கும் பேஸை ஒருமுறை தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் வீட்டு டிரான்சிஸ்டரில் அது கேட்காது. பேஸின் கனத்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. உள்ளங்கையளவு ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தத்தைத் தள்ளும் தெம்பு இல்லை. டீக்கடைப் பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்றுதான் சிநேகிதன் பாடம் செய்தான். ஒரு பாட்டுக்கு இரண்டு டீ ஆகும்.

அசல் ஃபெண்டரை நாங்கள் படத்தில்தான் பார்த்தோம். அன்றைய சுங்கவரியில் வெளிநாட்டு வாத்தியம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. கொல்கத்தாவில் செய்தவை உண்டு. 'கிவ்சன்' என்ற பெயரைப் பார்த்தாலே எந்த அமெரிக்கக் கம்பெனியை நினைத்து வைத்தது என்று புரியும். ஜப்பான்காரர்கள் இன்னும் கெட்டி. அவர்கள் நகல் எவ்வளவு நன்றாக இருந்ததென்றால், 1977-இல் கிப்சனின் தாய்க் கம்பெனி ஐபனெஸ் கிட்டாரின் தலைக்கட்டை வடிவத்துக்காகக் கோர்ட்டுக்கே போனது. ஃபெண்டரும் 1982-இல் ஜப்பானிலேயே செய்ய ஆரம்பித்துத் தன் பழைய மாடல்களைத் தானே நகலெடுத்தது!

சிநேகிதன் கோடம்பாக்கத்தில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது அப்படி ஒரு ஜப்பான் நகல். வெயில் காலத்தில் கழுத்து வளையும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்துவேன். வால்யூம் கன்ட்ரோல் கரகரத்தபோது ரேடியோ கடைப் பாகத்தைப் போட்டேன். தந்தி மந்தமானால் அவன் அம்மாவின் அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்க வைப்போம். வியர்வை அழுக்கு போனால் நாதம் திரும்பும். ரசம் வைக்கிற பாத்திரத்தில் கம்பியா என்று அந்தம்மா கத்துவார்.

ஒருநாள் தந்தியைப் பார்த்துவிட்டு அவன், "டேய், இது சரிகைடா" என்றான். உண்மைதான். சரிகை என்பது சிவப்புப் பட்டிழையைச் சுற்றிய தட்டையான வெள்ளிக் கம்பி, மேலே தங்கமுலாம். இதில் உருக்குக் கம்பியைச் சுற்றித் தட்டைத் தகடு.

1986-இல் பிக்கப் செத்தது. கொல்கத்தாவில் செய்த ஒன்றை மாட்டிவிட்டு, பழையதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். சிநேகிதன் இப்போது இல்லை. போன வருஷம் அவன் மகன் வந்தான். தறியில் வருமானம் போதவில்லை, பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும். சென்னையில் பழைய ஜப்பான் பேஸ் சேகரிக்கிற ஒருவர் கேட்கிறாராம். ஆனால் அசல் பிக்கப் இருந்தால்தான் நல்ல விலை.

இந்த 'அசல்' மோகம் உலகம் முழுக்க இருக்கிறது. ஃபெண்டர் கம்பெனி 1965-இல் 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ்ஸுக்குக் கைமாறியது. அதற்கு முந்தியவைக்குத் தனி விலை. ஒரு ஸ்குரூ மாறியிருந்தால்கூட இறங்கும். மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய பேஸ் 1972-இல் லண்டனில் வேனிலிருந்து திருடு போனது; ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, திரும்ப வந்த செய்தி 2024-இல் வெளியானது. அதுவே 1964-இல் வண்ணம் மாற்றி, பிக்கப்புக்குப் புதுச் சட்டம் போட்டதுதான். அதை யார் அசல் இல்லை என்பார்கள்?

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தேன். காந்தம் உயிரோடு இருந்தது, சுருள் அறுந்திருந்தது. ரிச்சி தெருவில் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி வாங்கி, கை டிரில்லில் மாட்டி ஆயிரக்கணக்கில் சுற்றினேன். மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை வந்தது.

மகன் கேட்டான்: "மாமா, அசல்னே சொல்லிடலாம் இல்ல? வெளியே பார்த்தா தெரியாதே."

எங்கள் ஊரில் புடவை வாங்க வருகிறவர்கள் சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெருவில் தராசோடு வந்து பழைய பட்டுப்புடவை எடுக்கிறவருக்கு நெசவெல்லாம் கணக்கில்லை. எரித்தால் மிஞ்சும் வெள்ளிக்குத்தான் காசு. இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா? ஒரு சீட்டில் எழுதி, பேஸின் பின்கட்டையில் ஒட்டிக் கொடுத்தேன்: காந்தமும் கூடும் ஜப்பான், கம்பி காஞ்சிபுரத்தில் சுற்றியது, வால்யூம் கன்ட்ரோல் ரேடியோவுடையது.

வாங்கியவர் கேட்ட விலையில் 2 ஆயிரம் குறைத்தாராம். சீட்டைக் கிழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னாராம். காலேஜ் பணம் கட்டியாயிற்று.