ஒரு மூட்டையை எத்தனை தரம் தூக்குவது?

காலை நேரத்தில் கொழும்பு புறக்கோட்டைக்குள் நடந்து போயிருக்கிறீர்களா? நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் முதலில் காதில் விழுவது வழி கேட்கும் நாட்டாமைமாரின் குரல்தான். தோளில் மூட்டை, இல்லாவிட்டால் நிரம்பி வழியும் தள்ளுவண்டி. நாங்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவோம். அவர்கள் போனதும் எங்கள் பாட்டில் சாமான் வாங்கப் போய்விடுவோம். தமிழ்நாட்டில் நாட்டாமை எண்டால் ஊர்த் தலைவர். கொழும்பில் நாட்டாமை எண்டால் மூட்டை சுமக்கிறவர். ஒரே சொல்தான், நிலைமை எவ்வளவு வேறு பாருங்கோ.

அந்த மூட்டைகளில் ஒன்றைக் கொஞ்சத் தூரம் பின்தொடர்வோம். 50 கிலோ சீனி மூட்டை என்று வைத்துக்கொள்வோம். லொறியில் இருந்து தோளுக்கு ஏறிக் கிட்டங்கித் தரைக்கு வருகிறது. தரையில் இருந்து அடுக்குக்குப் போகிறது. விற்றுப்போனதும் அடுக்கில் இருந்து தள்ளுவண்டிக்கு. வண்டியில் இருந்து வெளியூர் லொறிக்கு. வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ லொறியில் இருந்து கடைக்கு. கடையிலும் ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு. ஆக, ஆறு தரம். 50 கிலோ சீனிக்கு 300 கிலோ தூக்கு வேலை. இதில் ஒரு தூக்கலாலும் சீனி கூட இனிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, நேரம் உண்டு, கிழிகிற சாக்கு உண்டு.

உற்பத்தித்திறன் என்றதும் எங்களுக்குத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பொருள் வெளியே வருகிறது என்றுதான் கணக்குப் பார்ப்போம். செய்து முடித்த பொருள் கிட்டங்கியில் எத்தனை நாள் கிடக்கிறது, அதில் எத்தனை கை படுகிறது என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. கடந்த நூற்றாண்டில் உலக வணிகம் மாறியதற்கு, இதை எண்ணத் தொடங்கியதும் ஒரு பெரிய காரணம்.

1917இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிளார்க் என்ற நிறுவனம், தன் தொழிற்சாலைக்குள்ளே சாமான் நகர்த்துவதற்காக ஒரு சின்ன மோட்டார் வண்டியைச் செய்தது. விற்கிற எண்ணம் இருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கவே, விற்கத் தொடங்கினார்கள். இன்றைய ஃபோர்க்லிஃப்டின் முன்னோடிகளில் அது ஒன்று. ஆனால் இரண்டு இரும்புக் கரத்தோடு வண்டி மட்டும் இருந்து என்ன செய்யிறது? கரத்தை நுழைக்க அடியில் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தந்தது பலட் என்கிற மரத்தட்டு. ஆணியும் பலகையும், அவ்வளவுதான்.

அந்தப் பலகை செய்த வேலைக்கு 1931இல் ஒரு கணக்குக் கிடைத்தது. தகரத்தில் அடைத்த உணவு 13,000 பெட்டிகள் ஒரு ரயில் பெட்டியில் இருந்தன. கையால் இறக்க மூன்று நாள் எடுத்தது. அதே அளவு பெட்டிகள் தட்டுகளில் அடுக்கி வந்தபோது நான்கு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஆட்கள் வேகமாக ஓடியதால் அல்ல. ஒவ்வொரு பெட்டியாகத் தொடுவதை நிறுத்தியதால்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் இந்த முறையைப் பெருமளவில் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் அவர்கள் அவுஸ்திரேலியாவில் விட்டுப்போன தூக்கு வண்டிகளையும் தட்டுகளையும் வைத்து அந்த நாட்டு அரசாங்கம் ஒரு பொதுச் சேமிப்பை அமைத்தது. வேண்டியவர் தட்டை எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். இது முக்கியமான விசயம். தட்டு ஒரு வழியில்தான் சரக்கோடு போகும். திரும்பி வரும்போது வெறும் தட்டு. அதை யார் கொண்டு வருவது, யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் தட்டால் பயனில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், தம்புள்ளையில் திரும்பவும் தேவைப்படும்.

கப்பலுக்கு வருவோம். 1954இல் ‘வொரியர்’ என்ற கப்பல் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்து ஜேர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் போனது. அதில் ஏற்றியதை எல்லாம் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மூட்டை, பெட்டி, பீப்பாய், வாகனம் எல்லாமாக 194,582 உருப்படி. கடலில் ஓடியது பத்தரை நாள். ஏற்றி இறக்கியதும் ஏறத்தாழ அதே அளவு நாள். முதல் லொறி சரக்கோடு புறப்பட்டதில் இருந்து கடைசிப் பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை 95 நாள்! மொத்தச் செலவில் கடற்பயணத்துக்குப் போனது 11.5 வீதம். இரண்டு கரையிலும் தூக்கி இறக்கப் போனது 36.8 வீதம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஜேர்மன் துறைமுகத் தொழிலாளரின் சம்பளம் அப்போது அமெரிக்கரின் சம்பளத்தை விட மிகவும் குறைவு. அதனால்தான் 36.8 வீதத்தோடு நின்றது. உழைப்பு மலிவாக இருக்கும் இடத்தில் வீண் வேலை கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து, 1956 ஏப்ரல் 26ஆம் திகதி, மல்கம் மக்லீன் என்ற லொறி முதலாளி, பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கப்பலின் பெயர் ‘ஐடியல் எக்ஸ்’. உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது தொன் ஒன்றுக்கு 5.83 டொலர் செலவானது. மக்லீனின் ஆட்கள் போட்ட கணக்கில் பெட்டி முறைக்குத் தொன் ஒன்றுக்கு 15.8 சதம். பெட்டியை லொறியில் ஒரு தரம் பூட்டினால் போய்ச் சேரும் கிட்டங்கியில்தான் திறப்பது. நடுவில் யாரும் சரக்கைத் தொடுவதில்லை.

சரி, மிச்சம் பிடித்த அந்தக் காசு யாருக்குப் போனது? எங்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

லண்டனில் 1967இல் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. 1981இல் றோயல் துறைகளும் மூடப்பட, நகரத்தின் பழைய துறைகளின் கதை முடிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோளை நம்பி வாழ்ந்த பகுதிகள் வெறிச்சோடின. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அங்கே துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹரி பிரிட்ஜஸ், இயந்திரத்தைத் தடுக்க முடியாது என்று கணித்தார். 1960இல் அவர் செய்த ஒப்பந்தத்தின்படி கப்பல் நிறுவனங்கள் இயந்திரங்களைக் கொண்டுவரலாம். பதிலுக்கு வருடம் 5 மில்லியன் டொலராக, மொத்தம் 29 மில்லியன் டொலர், தொழிலாளர் நிதிக்குக் கொடுக்கவேண்டும். இருப்பவர்களை வேலையில் இருந்து நீக்கக்கூடாது. முன்கூட்டியே ஓய்வு பெறுபவருக்குப் பணம் கிடைக்கும். குறையில்லாத ஒப்பந்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மிச்சம் பிடித்த காசில் தோளுக்கும் பங்கு உண்டு என்று அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இனி எங்கள் ஊர். கொழும்புத் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் கூலிக்காக 1920களிலேயே போராடியவர்கள். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நடந்த 1927 வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு மைல்கல். 1985இல் ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. இன்று தென்னாசியாவின் பெரிய கொள்கலன் துறைமுகங்களில் கொழும்பும் ஒன்று. பாரந்தூக்கி ஒரு பெட்டியை இறக்குவது நிமிடக் கணக்கில் முடிகிறது. ஆனால் துறைமுக வாசலில் இருந்து நடந்து போகிற தூரத்தில்தான் புறக்கோட்டை. அங்கே இன்னும் தோள்தான்.

ஏன்? ஒடுக்கமான தெரு, சின்னக் கடை, ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ‘வொரியர்’ கணக்கு சொன்னதும் ஞாபகம் வருகிறது. நாட்டாமை மலிவாகக் கிடைக்கும்வரை, ஆறு தூக்கலை மூன்றாகக் குறைக்க முதலாளிக்கு என்ன அவசரம்? ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. முதுகு தேய்வதன் விலை எந்தக் கடையின் கணக்குப் புத்தகத்திலும் வராது. அதை வீட்டில் மனைவியும் பிள்ளைகளும்தான் கட்டுகிறார்கள்.

தம்புள்ளைக்கு வருவோம். சாக்கில் அமுக்கிக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக எறியும் மரக்கறி நசுங்கிப் போவது எல்லோருக்கும் தெரியும். 2011 டிசம்பரில் அரசாங்கம் மரக்கறியையும் பழத்தையும் பிளாஸ்டிக் கூடைகளில்தான் கொண்டுபோகவேண்டும் என்றது. யோசனை பிழையில்லை. ஆனால் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள், அரசு பின்வாங்கியது. கூடைக்கு யார் காசு கொடுப்பது? லொறியில் ஏற்றும் அளவு குறைந்தால் கூடுகிற வாடகையை யார் கட்டுவது? வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது? அவுஸ்திரேலியாவில் பொதுச் சேமிப்பு விடை சொன்ன அதே கேள்விகள். இங்கே கூடையைத் தந்தார்கள், விடையைத் தரவில்லை. சட்டத்தின் பாரம் ஏற்கெனவே பாரம் சுமப்பவரின் தலையிலேயே விழுந்தது.

எங்களில் பலர் இன்றைக்குச் சுப்பர் மார்க்கெட்டிலோ, இணையக் கடைகளின் களஞ்சியத்திலோ, அப்பாவின் பலசரக்குக் கடையிலோ வேலை செய்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் எடுத்து, வந்ததில் இருந்து விற்கும்வரை எத்தனை கை படுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அடுக்கை வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்தாலே இரண்டு தூக்கல் குறையலாம். அப்படிக் குறைந்தால், கணக்கை முதலாளியிடம் காட்டும்போது மற்றக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: மிச்சம் பிடித்ததில் தூக்கினவருக்கு எவ்வளவு?