சோறு போட்ட பலா மரம்

நீங்கள் வாழும் நகரத்துக் கடைகளில் தகரப் பேணியில் அடைத்த பலாக்காயைப் பார்த்திருப்பீர்கள். இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். நான் ஒன்றை வாங்கிவந்து அம்மம்மாவிடம் காட்டினேன். "இதையும் காசு குடுத்தோ வாங்கினனி?" என்று சிரித்தார்.

அம்மம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. மாவுக்கும் பலாவுக்கும் பெயர்போன இடம். அவருடைய வளவில் நின்ற பலாவில் எதுவும் வீணாகாது. பிஞ்சு கறியாகும். முற்றிய காயை அவித்தால் ஒரு வேளைச் சாப்பாடு. பழம் பிள்ளைகளுக்கு. மாச்சத்தும் புரதமும் உள்ள கொட்டைகளை மணலில் புதைத்து வைத்தால், பழக்காலம் முடிந்த பிறகும் பல மாதங்களுக்கு உதவும்.

சிங்கள மக்கள் பலாவைச் 'சோற்று மரம்' என்றே சொல்வார்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவரை 1915 கலவரத்தின்போது ஆங்கிலேய ஆட்சி சிறையில் அடைத்தது. விடுதலையான பின் அவர், நாடெங்கும் பத்து இலட்சம் பலா மரங்களை நட வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். அன்று இலங்கை அரிசிக்குப் பெரிதும் பர்மாவை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த அரிசி நின்றுபோனது. வளவில் பலா நின்ற வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

எங்கள் வீட்டுக்கு அப்படியொரு நாள் 1995இல் வந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்து வந்தார்கள். அம்மம்மாவின் வளவில் நான்கு குடும்பங்கள் தங்கின. பலாப்பழக் காலம் அப்போது முடிந்திருந்தது. அம்மம்மா மணலைக் கிளறிக் கொட்டைகளை எடுத்தார். முதல் இரண்டு நாளும் பிள்ளைகளுக்கு அவித்த பலாக்கொட்டைதான்.

பிறகு அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். அந்த மரம் இன்றும் நிற்கிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

உங்கள் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள்: வளவில் என்ன மரங்கள் நின்றன? எந்த மாதம் எது காய்த்தது? சாப்பாடு இல்லாத நாளில் எது கைகொடுத்தது? அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். நான் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.