உள்வாரி, வெளிவாரி, வந்தாறுமூலை: மட்டக்களப்பு வாவிக்கரையில் பட்டங்களின் படிநிலை

முன்னுரை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் மூன்று கேள்விகள் எழும். எந்தப் பிரிவு? எந்தக் கம்பஸ்? உள்வாரியா, வெளிவாரியா? மருத்துவம், பொறியியல் என்றால் ஊரே வாழ்த்தும். 'ஆர்ட்ஸ்தானா', 'வந்தாறுமூலைதானா' (கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த ஊர்) என்ற சொற்களைக் கேட்டுத் தலைகுனியும் பிள்ளைகளும் இங்கு உண்டு. பாடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இயல்பாகவே உயர்வு தாழ்வு இருப்பதாக நம்புவோர் பலர். ஒரு நூற்றாண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இந்தப் படிநிலை நிலையானதன்று. உத்தியோக வாய்ப்பு, பயிற்றுமொழி, பாடசாலையின் அமைவிடம் ஆகிய மூன்றும் மாறியபோதெல்லாம் அதுவும் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெளிவாரிப் பட்டம் உச்சத்தில் இருந்த காலம்

இலண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் பயிலாதவர்களுக்கும் 1858இல் பட்டத் தேர்வுகளைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தனியாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. அதன் மாணவர்களும் இலண்டன் தேர்வுகளுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இந்நிலை நீடித்தது. கடல்கடந்த பல்கலைக்கழகமொன்றின் வினாத்தாளுக்கு ஊரிலிருந்தபடியே விடையெழுதிப் பெற்ற அந்தப் பட்டம், இன்றைய வழக்கில் வெளிவாரிப் பட்டமே. ஆயினும் அன்று அதற்குமேல் மதிப்புடைய கல்வித் தகைமை அரிது. ஆங்கில ஆட்சியின் உத்தியோகக் கதவுகளை அது திறந்ததே காரணம்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், இந்தக் காலத்தின் இரண்டு அளவுகோல்களையும் தாண்டியவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். ஒன்று தமிழ்ப் புலமைக்கான தகுதி. மற்றது சம்பளத்துக்கும் பதவிக்கும் உரிய தகுதி. விஞ்ஞானம் பயின்ற அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல், பழந்தமிழ் இசையைக் கணித, பௌதிக அறிவு கொண்டு ஆராய்ந்தது. விஞ்ஞானமும் கலையும் தனித்தனிக் கூடுகள் என்று அவர் எண்ணியிருந்தால் அந்த நூல் பிறந்திராது.

பயிற்றுமொழி இட்ட கோடு

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்விச் சீர்திருத்தம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் வழியைக் காட்டியது. 1960களில் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களில் சிங்களமும் தமிழும் பயிற்றுமொழிகளாயின. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. கிராமத்து மாணவர்கள் பெருந்தொகையாகக் கலைப்பீடங்களுக்கு வந்தார்கள். ஆங்கிலம் வாய்த்தவர்களின் துறைகள், தாய்மொழியில் பயின்றவர்களின் துறைகள் என்ற பிரிவினை இங்கிருந்தே வலுத்தது. பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு அரசாங்க வேலைகள் பெருகவில்லை. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்குமிடையிலான இடைவெளியையே முதன்மைப்படுத்தியது. பொருளாதாரத்தின் குறை, நாளடைவில் கலைப் பாடங்களின் குறையாகப் பேசப்பட்டது.

அதே பத்தாண்டில் வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியைக் கடும் அரசியல் பிரச்சினையாக்கின. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள் என இடங்கள் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஒரே பாடநெறிக்குப் பல்கலைக்கழகம் தோறும் வெவ்வேறு வெட்டுப்புள்ளி வெளியாவதால், அதுவே தரப்பட்டியலாக வாசிக்கப்படுகிறது. எத்தனை பேர் ஓரிடத்தை விரும்பினார்கள் என்பதைத்தான் வெட்டுப்புள்ளி சொல்லும்; அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லாது.

வந்தாறுமூலையின் தோற்றம்

1981 ஆகஸ்ட் 1இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனமாகத் தொடங்கியது. அதன் முதற் பீடங்கள் விஞ்ஞானமும் விவசாயமும். 1986 ஒக்டோபர் 1இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கலை, வர்த்தகத் துறைகள் பின்னரே வந்தன. நான்கு ஆண்டுகள் கடக்குமுன் போர் வளாகத்துக்குள் புகுந்தது. 1990 செப்டெம்பர் 5இல், அங்கு தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். அகதி முகாமாக நின்று மக்களைத் தாங்கிய ஒரு பல்கலைக்கழகத்தை, அமைதியான மலைச்சாரலில் 1952 முதல் வளர்ந்த பேராதனையோடு ஒரே வரிசையில் நிறுத்தி 'இரண்டாந்தரம்' என்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

படுவான்கரையின் தெரிவு

பாடப் பிரிவின் படிநிலைக்குப் புவியியலும் உண்டு. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. பெயர்பெற்ற பழைய கல்லூரிகள் நகரிலும் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலுமே அமைந்தன. வயலும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் எட்டுவது அரிதாக இருந்தது. வாவியைக் கடந்து நகரில் தங்கிப் படிக்க வசதியற்ற பிள்ளை கலைப்பிரிவில் சேர்ந்ததை 'கெட்டித்தனம் போதாது' என்று சமூகம் மொழிபெயர்த்தது. இல்லாத ஆய்வுகூடத்துக்கான பழி பிள்ளைமேல் விழுந்தது.

ஆனால் இதே நிலம் கலைத்துறைக்குக் கொடுத்தது பெரிது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியபோது, அதன் உயிர்ப்பு மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி மரபுகளிலிருந்தும் வந்தது. அவருடைய மாணவரான மட்டக்களப்பின் சி. மௌனகுரு, இப்பிரதேச மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்ட ஆய்வாக்கி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்வியை வளர்த்தார். 1980களில் கல்லடியில் இசை நடனக் கல்லூரியாக உருவான சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம், பின்னர் அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கூத்து ஆசான்களான அண்ணாவிமாரிடம் களரியில் கற்ற கலை பட்டப்படிப்பாகியிருக்கிறது.

முடிவுரை

2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்தபோது, படிநிலையின் சுமை யார்மேல் இறங்குகிறது என்பது வெளிச்சமாயிற்று. விபுலாநந்தர் காலத்தில் பெருமை தந்த வெளிவாரிப் பட்டம், இன்று வேலைக்கான வரிசையில் பின்னால் நிற்கிறது. இடையில் மாறியது உத்தியோகக் கணக்கு. அதை அறிவின் தரவரிசையாக நாம் பிள்ளைகள்மேல் சுமத்துகிறோம்.

மாற்றம் பாடசாலையில் தொடங்க வேண்டும். படுவான்கரையில் விஞ்ஞானப் பிரிவுகளும் அவற்றுக்கான ஆசிரியர்களும் வேண்டும். கலை பயில்வோருக்குத் தரமான ஆங்கிலமும் தொழில்சார் பயிற்சியும் வேண்டும். அதன்பின் ஒரு பிள்ளை கலையைத் தெரிந்தெடுத்தால் அது அந்தப் பிள்ளையின் விருப்பமாக இருக்கும். அந்த நிலை வரும்வரை, பாடத்தின் பெயரைக் கேட்டு ஒருவரின் ஆற்றலை எடைபோடும் உரிமை நமக்கில்லை.