எந்தத் துறையின் ஆள்? பொதுக்கொள்கை உதவிப் பேராசிரியர் தேர்வு குறித்து

பொதுக்கொள்கைத் துறைக்கு உதவிப் பேராசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்முகத் தேர்வு கடைசிக் கட்டம் மட்டுமே. விளம்பரத்தில் 'தொடர்புடைய பாடங்கள்' என்ற இடத்தில் எந்தெந்தப் பட்டங்களை எழுதுவது, தேர்வுக் குழுவுக்கு எந்த மூன்று வல்லுநர்களை அழைப்பது என்பவை முடிவான அன்றே யாருக்கு வேலை என்பதில் பாதி தீர்ந்துவிடுகிறது. இவ்விரண்டையும் நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பழைய கோப்பைப் பார்த்துப் புதிய கோப்பு எழுதும் அலுவலகக் காரியமாகவே கருதுகின்றன. துறையின் அறிவுசார் முடிவு எடுக்கப்பட வேண்டிய இடமே இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மற்றப் பாடங்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. வேதியியலுக்கு வேதியியல் படித்தவரை எடுக்கலாம். பொதுக்கொள்கையோ பிறப்பிலேயே கலப்பு. ஹெரால்ட் லாஸ்வெல்லும் டேனியல் லெர்னரும் 1951-இல் பதிப்பித்த தொகுப்பு, ஒரு பிரச்சினையைச் சுற்றிப் பல அறிவுத்துறைகள் கூடுவதையே இந்தப் படிப்பின் அடையாளமாக முன்வைத்தது. பெர்க்லியில் 1969-இல் தொடங்கிய பொதுக்கொள்கைப் பள்ளியின் முதல் தலைவர் ஆரன் வில்டாவ்ஸ்கி அரசியல் அறிவியலாளர். ஜெஃப்ரி பிரஸ்மனுடன் சேர்ந்து 1973-இல் அவர் வெளியிட்ட நூலோ, வாஷிங்டனில் ஒப்புதல் பெற்ற ஒரு வேலைவாய்ப்புத் திட்டம் ஓக்லண்டில் ஏன் முடங்கியது என்பதைக் கோப்பு கோப்பாகப் பின்தொடர்ந்தது. மால்கம் ஆதிசேஷையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பொதுக்கொள்கை என்ற பெயர்ப் பலகை இல்லாமலே இவ்வகைப் பணியைச் செய்தது. பலகைகள் பின்னால் வந்தன: பெங்களூரு ஐஐஎம்மின் பொதுக்கொள்கை மையம் 2000-இல், தேசிய சட்டப் பள்ளியின் முதுகலைப் படிப்பு 2014-இல். பாடத்திட்டம் இப்படிக் கலந்து நிற்க, ஆசிரியரை எடுக்கும் விதிகள் மட்டும் ஒற்றைத் துறை உலகத்தில் இருக்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கான மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள். இளங்கலைக்கு 15 வரை, முதுகலைக்கு 25 வரை, முனைவர் பட்டத்துக்கு 30, இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் கூடிய நெட் தேர்ச்சிக்கு 7. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் உச்சவரம்பு 10, கற்பித்தல் அல்லது முனைவர் பட்ட மேலாய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10, விருதுகளுக்கு 3. மொத்தம் 100.

இரண்டு விண்ணப்பதாரர்களைக் கற்பனை செய்வோம். ஒருவர் பொருளியலிலேயே தொடங்கி அதிலேயே முடித்தவர்: இரு பட்டங்களிலும் 80 விழுக்காட்டுக்கு மேல், முனைவர் பட்டம், உதவித்தொகை, ஐந்து கட்டுரைகள். அவருக்கு 87. மற்றவர் பொறியியலில் 58 விழுக்காடு வாங்கி, மூன்றாண்டு மாவட்ட நிர்வாகத்தோடு குடிநீர்த் திட்டத்தில் உழைத்து, பிறகு பொதுக்கொள்கை முதுகலையில் 65 விழுக்காடும் முனைவர் பட்டமும் பெற்று, நெட் தேறி, இரண்டு கட்டுரைகளும் ஒரு நூலும் எழுதியவர். அவருக்கு 72. மூன்றாண்டுக் கள அனுபவத்துக்குச் சுழியம், நூலுக்கும் சுழியம். இதே மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு, கல்விப் பங்களிப்பும் உள்ளவர் என்றால் பொதுக்கொள்கையில் பத்தாண்டு உயர்நிலை அனுபவத்தைத் துணைவேந்தர் பதவிக்கான தகுதியாகவே ஏற்கிறது. மேலே போகிறவருக்குத் தகுதியாவது, கீழே நுழைகிறவருக்கு ஒரு மதிப்பெண்கூடப் பெறவில்லை என்பது வேடிக்கைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அட்டவணை மதிப்பெண், யாரை நேர்முகத்துக்கு அழைப்பது என்பதற்கு மட்டுமே; இறுதித் தேர்வு நேர்முகத்தில் காட்டும் திறனை மட்டுமே பொறுத்தது என்று அதே விதிமுறை சொல்கிறது. வாசலில் ஒரு மதிப்பெண்ணுக்கும் கணக்குப் பார்த்துவிட்டு, உள்ளே போனதும் கணக்கையே கைவிடுகிறோம். தனிமனித மதிப்பீட்டின் மீதுள்ள அவநம்பிக்கையால் எண்கள் வந்தன என்றால், அந்த அவநம்பிக்கை எங்கே மிகவும் தேவையோ அங்கே அது காணாமல் போகிறது.

உள்ளே இருப்பவர்கள் யார்? துணைவேந்தர் அல்லது அவரது பிரதிநிதி, வேந்தரின் நியமனர், புலத் தலைவர், துறைத் தலைவர், 'பாட வல்லுநர்' மூவர். தேவைப்படும்போது ஒதுக்கீட்டுப் பிரிவினர் சார்பில் ஒருவர். எந்தப் பாடத்தின் வல்லுநர் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை ஆராய்ந்த இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், திட்டம் முதலில் வந்த பள்ளிகளையும் பிறகு வந்த பள்ளிகளையும் ஒப்பிட்டு வருகைப்பதிவில் ஏற்பட்ட மாற்றத்தை அளந்திருக்கிறார். மற்றவர், விடியுமுன் அடுப்பு மூட்டும் சுயஉதவிக் குழுப் பெண்களோடு மாதக்கணக்கில் இருந்து, அவர்களின் ஊதியம், மளிகை வந்து சேரும் நேரம், சமைப்பவரின் சாதி பற்றி எழும் முணுமுணுப்பு ஆகியவற்றைப் பதிந்திருக்கிறார். மூன்று வல்லுநரும் அளவையியல் பொருளியலாளர் என்றால் இரண்டாமவரின் வேலை அவர்களுக்குக் கதையாகத் தெரியும். மூவரும் சமூகவியலர் என்றால் முதலாமவரிடம், ஒப்பிட்ட பள்ளிகள் உண்மையில் ஒப்பிடத்தக்கவையா என்ற அவசியமான கேள்வியைக் கேட்க அங்கே ஆளில்லை. பாராட்டு, நிராகரிப்பு இரண்டும் அப்போது அறியாமையிலிருந்தே வரும்.

அமெரிக்காவைப் பார்த்தால் தீர்வு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேயும் பொருளியல் முனைவர்களின் வேலைச் சந்தைக்கு ஒரு நாட்காட்டி, அரசியல் அறிவியலாருக்கு வேறொன்று. பொருளியலில் ஐந்து இதழ்களின் ஆதிக்கம் எவ்வளவு இறுகியது என்பதை ஜேம்ஸ் ஹெக்மனும் சித்தார்த் மோக்தனும் 2020-இல் விரிவாகக் காட்டினார்கள். அந்த அளவுகோலையே கையில் வைத்திருக்கும் பொதுக்கொள்கைப் பள்ளி, கடைசியில் இரண்டாந்தரப் பொருளியல் துறையாகத்தான் மிஞ்சும். 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, அந்நாட்டிலேயே முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களில் ஐந்தில் நால்வரை ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்களே உருவாக்கியிருக்கின்றன. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு: விண்ணப்பதாரர் துறைக்கு வந்து, தன் ஆய்வை ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லார் முன்னும் வைத்து, குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொல்கிறார். அப்படி எடுக்கப்பட்டவர்கூட ஏறக்குறைய ஆறாம் ஆண்டில் மறுபடி முழுமையாக மதிப்பிடப்பட்ட பிறகே நிரந்தரமாகிறார். இங்கே தகுதிகாண் பருவம் ஓராண்டு. நீட்டித்தால் இன்னும் ஓராண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65 வயது வரை நீளும் பணிக்கான முடிவை ஒற்றை நேர்முகத்தில் எடுத்துவிடுகிறோம்.

கருத்தரங்க உரையோ வகுப்பறை விரிவுரையோ வைத்துத் திறனை மதிப்பிடலாம் என்று 2018 விதிமுறையே இடம் தருகிறது. ஆகவே விதி தடுக்கிறது என்ற சாக்கு செல்லாது.

ஒதுக்கீட்டை இங்கே ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. துறையை அலகாகக் கொண்ட 13 இடச் சுழற்சி முறையை மானியக் குழு 2018 மார்ச்சில் புகுத்தியபோது, நான்காம் இடம்தான் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாம் இடம்தான் பட்டியல் சாதியினருக்கு. மூன்றே பணியிடம் உள்ள புதுத் துறையில் ஒதுக்கீடே வராது. பொதுக்கொள்கைத் துறைகள் பெரும்பாலும் அந்த அளவுதான். 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் மத்திய நிறுவனங்களில் பல்கலைக்கழகத்தையே மீண்டும் அலகாக்கியது. ஆனால் இந்தப் படிப்பு வேகமாக வளர்வது, ஆசிரியர் நியமனத்தில் ஒதுக்கீடு கட்டாயமில்லாத தனியார் பல்கலைக்கழகங்களில். அரசு நிறுவனங்களிலும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி இடங்களைக் காலியாக வைக்கப் போதுமானதாக இருக்கிறது. கூடுதல் விருப்புரிமை கேட்கும் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு இங்கிருந்துதான் வரும்: எண்களையும் எடுத்துவிட்டால் சாதியும் உறவும் சிபாரிசும் தடையின்றி நுழையாதா?

அவை நுழைய வழி இப்போதே திறந்திருக்கிறது. இறுதி முடிவில் எண் இல்லை என்று மேலே பார்த்தோம். விருப்புரிமைக்குக் கடிவாளம் எழுத்துதான். துறை முதலில் விளம்பரத்தில் பட்டங்களை அடுக்குவதோடு, எடுக்கப்படுகிறவர் கற்பிக்க வேண்டிய இரு பாடங்களையும் ஆய்வு செய்ய வேண்டிய பிரச்சினைக் களத்தையும் பெயர் சொல்லி எழுதட்டும்: நகராட்சி நிதி, பொதுச் சுகாதாரம், பள்ளி உணவு என்று. அழைப்புப் பட்டியல் முடிந்த பிறகு, அதிலுள்ள ஆய்வு முறைகளைப் பார்த்து, ஒப்புதல் பெற்ற பெயர்களிலிருந்து வல்லுநர்களைத் துணைவேந்தர் நியமிக்கட்டும். மூவரும் ஒரே முறையைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பதாரரின் ஒரு கட்டுரையையாவது வல்லுநர் ஒருவர் முன்கூட்டியே முழுக்கப் படித்து, ஒரு பக்கக் குறிப்பில் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். 'கிடைக்கவில்லை' என்று எழுதும் குழு, வந்த ஒவ்வொருவரிடமும் என்ன குறை கண்டது என்பதை அதே கோப்பில் பதியட்டும். வழக்குக்கு இடம் கொடுக்கும் என்று பதிவாளர் அலுவலகம் தயங்கும். காரணம் எழுதப்படாத நியமனங்களும் நீதிமன்றம் போகத்தான் செய்கின்றன. அங்கே காட்டுவதற்குப் பல்கலைக்கழகத்தின் கையில் மதிப்பெண் தாளைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.